‘பாக்கலாம்’ என்பதற்கு ஆங்கிலத்தில் என்ன?

இந்த ஆண்டு ஆங்கிலத் துறையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு நான் ஏதாவது எழுதித் தர வேண்டும் என்று துறைத் தலைவர் கேட்டார். ஊக்கமூட்டும்படியாக இருக்க வேண்டுமாம். ஓய்வு பெற்றவர்களிடம்தான் எல்லாரும் ஊக்கத்தைக் கேட்கிறார்கள். பணியில் இருந்தவரை என்னிடம் கேட்டதெல்லாம் வருகைப் பதிவேடும், இன்டர்னல் மார்க்கும்தான். சரி, இப்போதாவது கேட்கிறார்களே என்று ஒத்துக்கொண்டேன்.

வகுப்பை எப்படி நடத்துவது, பிள்ளைகளின் கவனத்தை எப்படி ஈர்ப்பது என்பதையெல்லாம் பயிற்சி முகாமில் படம் போட்டுக் காட்டியிருப்பார்கள். அந்தப் படங்களில் மாணவர்கள் எல்லாரும் காரணமே இல்லாமல் சிரித்துக்கொண்டிருப்பார்கள். நான் அந்தப் பக்கம் போகப்போவதில்லை. ஒரு நாவலால் எங்களுக்கு வந்த வினையைச் சொல்கிறேன். ஊக்கம் அதில் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள்.

நாவலின் பெயரைச் சொல்லமாட்டேன். சொன்னால் அடுத்த நிமிடமே போனில் அதன் சுருக்கத்தைத் தேடிப் பார்த்துவிட்டு, முழுதும் படித்து முடித்த முகத்தோடு உட்கார்ந்திருப்பீர்கள். பாடத்திட்டத்தின் ஒரு மூலையில் எப்போதும் கிடக்கும் பழைய, தடித்த நாவல் அது. அமெரிக்காவிலிருந்து சிலர் ஐரோப்பாவுக்குப் போகிறார்கள். போன இடத்தில் பழைய குடும்பங்கள், பழைய வீடுகள், அவற்றைவிடப் பழைய பேச்சுவழக்கங்கள். அமெரிக்கர்கள் மனதில் பட்டதைச் சொல்லிவிடுவார்கள். ஐரோப்பியர்கள் மனதில் பட்டதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் சொல்வார்கள். அமெரிக்கர்களுக்கு நாகரிகம் போதாது என்று இவர்களும், ஐரோப்பியர்களுக்கு நேர்மை போதாது என்று அவர்களும் நினைத்துக்கொண்டே இருக்க, நானூறு பக்கம் கழிந்துவிடும். யாரும் யாரையும் அடிப்பதில்லை. ஒரு சீமாட்டி தேநீர்க் கோப்பையைச் சற்றுச் சத்தமாகக் கீழே வைத்தால், அதுதான் சண்டைக்காட்சி.

இந்த நாவலை, ஆரப்பாளையத்தில் இறங்கி, பஸ் மாறி, நின்றுகொண்டே ஒத்தக்கடைக்கு, நம் கல்லூரிக்கு வந்து சேரும் பிள்ளைகளுக்கு நடத்த வேண்டும். நான் சேர்ந்தபோது இருந்த துறைத் தலைவர் எனக்குக் கொடுத்த ஒரே அறிவுரை இது: “புரியாத எடம் வந்தா வேகமாப் படிச்சுருங்கம்மா. அவங்களுக்கும் புரியாது, கேள்வியும் வராது.” நடைமுறை ஞானம் நிறைந்த மனிதர். அந்த ஒரு வழியை வைத்தே பணிக்காலம் முழுவதையும் ஓட்டி, மாலை மரியாதையோடு வீட்டுக்குப் போனார்.

நானும் சில காலம் வேகமாகத்தான் படித்தேன். ஒரு நாள் கடைசி பெஞ்சில் ஒருவன் சலித்துப்போய், இந்த ஐரோப்பாக்காரர்கள் பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லை என்று சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே என்று கேட்டான். நான் நாகரிகம், மரபு, வர்க்கம் என்று தொடங்குவதற்குள், பக்கத்தில் இருந்தவன் அவனுக்குப் பதில் சொல்லிவிட்டான். “மாப்ள, அவங்கல்லாம் சம்பந்தி வீட்டுக்காரங்கடா. சாப்பாடு எப்படின்னு கேட்டா எந்தச் சம்பந்தி நல்லால்லன்னு சொல்லுவான்? பரவால்லன்னுதான் சொல்லுவான்.”

வகுப்பு மொத்தமும் சிரித்தது. நானூறு பக்கமும் அவர்களுக்கு அன்றே புரிந்துவிட்டது. எனக்கும்தான். அதற்குப் பிறகு அந்த நாவலை நான் கல்யாண வீடாகவே நடத்தினேன். பரீட்சையில் ஒரு பிள்ளை அதை அப்படியே எழுதி வைக்க, விடைத்தாளைத் திருத்தியவர் அந்தப் பக்கம் முழுக்கச் சிவப்பு மையால் கோடு போட்டிருந்தார். அவர் எந்தக் கல்யாணத்துக்கும் போகாதவர் போலிருக்கிறது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். ஏழெட்டு ஆண்டுகளுக்கு முன் நம் கல்லூரியில் பன்னாட்டுக் கருத்தரங்கம் ஒன்று நடந்தது. ஒரு வெளிநாட்டுக்காரர் வந்தாலே கருத்தரங்கம் பன்னாட்டுக் கருத்தரங்கம் ஆகிவிடும். எங்களுக்கு இரண்டு பேர் கிடைத்துவிட்டார்கள். அமெரிக்காவிலிருந்து ஒரு பேராசிரியர், ஐரோப்பாவில் ஒரு சின்ன நாட்டிலிருந்து ஓர் அம்மையார். இருவருமே அந்த நாவலைப் பற்றிப் புத்தகம் எழுதியவர்கள். கருத்தரங்கத்துக்கு வருகிறோம் என்று நினைத்துத்தான் வந்தார்கள். பாவம், அந்த நாவலுக்குள்ளேயே வந்து இறங்கியிருக்கிறோம் என்பது அவர்களுக்குத் தெரியாது.

முதல் நாள் காலை, வெள்ளைக்காரர்கள் வேறெதுவும் சாப்பிடமாட்டார்கள் என்ற உறுதியான அறிவோடு முதல்வர் ரொட்டியும் ஜாமும் வரவழைத்திருந்தார். அமெரிக்கர் அதைப் பார்த்துவிட்டு, இதை நான் என் வீட்டிலேயே சாப்பிடுவேனே என்று சொல்லிவிட்டு, கல்லூரி கேட்டுக்கு எதிரில் இருந்த பரோட்டாக் கடைக்கு நடையைக் கட்டினார். அம்மையார் மிகவும் அருமையாக இருக்கிறது என்று முதல்வரிடம் சொன்னார். பிறகு அவர் பேனா எடுக்கக் கைப்பையைத் திறந்தபோது, அந்த அருமையான ரொட்டி முழுவதும் காகிதத்தில் சுற்றி உள்ளே பத்திரமாக இருந்ததைப் பார்த்தேன். வரவேற்புரை முடிந்ததும் அமெரிக்கர் என் காதில், ரொம்ப நீளம், இல்லையா என்றார். அம்மையார் முதல்வரின் கையைப் பிடித்து, மறக்கவே முடியாத உரை என்றார். முதல்வர் அந்த வாக்கியத்தை ஆண்டறிக்கையிலேயே போட்டுக்கொண்டார்.

அந்தக் கருத்தரங்கத்தில் கட்டுரை படித்தவள் பாண்டிமீனா. எம்.ஏ. கடைசி வருடம். செக்கானூரணிக்கு அந்தப் பக்கம் உள்ளடங்கிய ஓர் ஊர், நெல்லும் தென்னையுமாக விவசாயக் குடும்பம். வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்தவள். அதிகம் பேசமாட்டாள், பேசினால் முகத்துக்கு நேராகத்தான் பேசுவாள். அன்று மேடையில் நின்று, நாவலில் வரும் அமெரிக்கர்கள் உண்மை பேசுகிறார்கள் என்பதே தவறு என்றாள். அவர்கள் பேசுவது பழக்கத்தால்தான், உண்மை பேசுவதால் என்ன இழப்பு வரும் என்று தெரிந்தும் பேசினால்தான் அது உண்மை என்றாள். அமெரிக்கர் எழுந்து நின்று கேள்வி கேட்டார், அவள் பதில் சொன்னாள். மறுபடி கேட்டார், மறுபடி சொன்னாள். மதியச் சாப்பாட்டு நேரம் முழுவதும் அவர் இலையைப் பார்க்காமல் அவளோடு வாதாடிக்கொண்டிருந்தார்.

மறுநாள் அவர் முதல்வர் அறைக்குப் போய், இந்தப் பெண்ணை என் பல்கலைக்கழகத்துக்கு ஆராய்ச்சிப் படிப்புக்கு எடுத்துக்கொள்கிறேன் என்றார். படிப்பு, தங்குமிடம், செலவு எல்லாம் அவர்கள் பொறுப்பு. அவர் ஞாயிற்றுக்கிழமை ஊருக்குக் கிளம்புவதற்குள் வீட்டாரின் சம்மதம் தெரிந்துவிட்டால் போதும். பாண்டிமீனா என் அறைக்கு ஓடி வந்தாள். அவள் ஓடி நான் அன்றுதான் பார்த்தேன். மேம், அப்பா மட்டும் சரின்னு சொல்லிட்டாருன்னா போதும் மேம் என்றாள். அப்பாவின் சம்மதம் இல்லாமல் போகமாட்டேன் என்பதையும் அதே மூச்சில் சொன்னாள். இரண்டில் எதை விடுவது என்று தெரியாமல் அவள் கண் கலங்கியதைப் பார்த்தபோது, என்ன ஆனாலும் இந்தப் பெண் போயாக வேண்டும் என்று எனக்குத் தோன்றிவிட்டது.

அப்பாவைக் கல்லூரிக்கு வரச் சொன்னார்கள். அவர் பெயர் ஒச்சப்பன். வெள்ளை வேட்டி சட்டையில் வந்து முதல்வர் அறையில் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருக்கிறார். நான் அந்த நேரம் பரீட்சை மேற்பார்வையில் இருந்தேன். மொழிபெயர்க்க, உங்களைப் போலவே அப்போது புதிதாகச் சேர்ந்திருந்த ஒரு தம்பியை அழைத்தார்கள். தங்கப் பதக்கம் வாங்கியவர், ஆங்கிலம் தண்ணீர்பட்ட பாடு. அவர் பெயரை எழுதிச் சங்கடப்படுத்த விரும்பவில்லை. இன்று அவர்தான் உங்கள் துறைத் தலைவர். இந்தக் கட்டுரையை முதலில் படிக்கப்போகிறவரும் அவர்தான். தம்பி, இந்தப் பத்தியை வெட்டிவிடாதீர்கள்.

அமெரிக்கர் எல்லாவற்றையும் விளக்கினார். உங்களுக்கு ஒரு செலவும் கிடையாது, எதையும் நீங்கள் செய்ய வேண்டாம் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். தம்பி அதைப் பாடப்புத்தகத் தமிழில் எடுத்துச் சொன்னார். ஒச்சப்பன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். மகளைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். பிறகு ஒரே ஒரு வார்த்தை சொன்னார்.

“பாக்கலாம்.”

செய்து முடித்துவிடலாம் என்கிறார் என்று தம்பி அதை ஆங்கிலத்தில் சொல்லிவிட்டார். அமெரிக்கர் துள்ளி எழுந்து ஒச்சப்பனின் இரண்டு கைகளையும் பிடித்துக் குலுக்கினார். முதல்வர் பாதுஷா வாங்கிவர ஆள் அனுப்பினார். நான் பரீட்சை முடிந்து வந்தபோது எல்லார் வாயிலும் பாதுஷா இருந்தது. ஒச்சப்பன் கிளம்பிப் போயிருந்தார்.

நான் தம்பியை ஓரமாகக் கூப்பிட்டு, அவர் சரியாக என்ன சொன்னார் என்று கேட்டேன். பாக்கலாம்னு சொன்னாரு மேம் என்றார். பாக்கலாமா, பாப்போமா, இல்லை பாத்துக்கிருவோமா என்று கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். “எல்லாம் ஒண்ணுதானே மேம்?”

ஒன்றா? நீங்கள் எந்த ஊரில் பிறந்திருந்தாலும் இதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். பாத்துக்கிருவோம் என்றால், இனி அது என் பொறுப்பு, நீ வீட்டுக்குப் போ என்று பொருள். சண்டையில் சொன்னால் வேறு பொருள், அதற்கு இப்போது அவசியமில்லை. பாப்போம் என்றால், எனக்கு ஆசைதான், நேரம் கூடிவர வேண்டும் என்று பொருள். பாக்கலாம் இருக்கிறதே, அதற்கு வயது வந்த மதுரைக்காரர் எவரும் பாதுஷா வாங்கமாட்டார்.

அறையில் அம்மையார் மட்டும் இனிப்பைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார். தமிழில் ஓர் எழுத்து தெரியாது அவருக்கு. என்னிடம் மெதுவாக, அந்த மனிதர் மறுத்துவிட்டார், அப்படித்தானே என்றார். எங்கள் ஊரில் அந்தக் குரலில் சொன்னால் அதற்கு மறுப்பு என்றுதான் அர்த்தம் என்றார். அமெரிக்கர் அதைக் கேட்டுக் குழம்பிப்போய், எங்கள் ஊரில் மறுப்பவர் மறுக்கிறேன் என்று சொல்வாரே என்றார். இருவரும் என்னைப் பார்த்தார்கள். எங்கள் ஊரில் அதற்கு மறுப்பு என்றும் அர்த்தமில்லை, சம்மதம் என்றும் அர்த்தமில்லை என்றேன். இத்தனை பேர் முன்னால் வைத்து என்னிடம் இதைக் கேட்காதே, நான் வீட்டுக்குப் போய்ப் பேச வேண்டியவர்களிடம் பேச வேண்டும் என்று அர்த்தம் என்றேன். இருவரும் அந்த நாவலைப் பற்றிப் புத்தகம் எழுதியவர்கள் என்பதை மறுபடியும் நினைவூட்டுகிறேன்.

அவர் பேசி முடிக்கும்வரை நாம் சும்மா இருந்திருந்தால்கூடப் போதும். சும்மா இருப்பது ஒரு கல்லூரியால் செய்யக்கூடிய காரியமா? மறுநாள் காலை நான் வில்லாபுரத்து வீட்டிலிருந்து வந்து இறங்கும்போது ஒத்தக்கடை நிறுத்தத்தில் ஒரு பிளெக்ஸ் நின்றுகொண்டிருந்தது. பாண்டிமீனாவின் அடையாள அட்டைப் படத்தை ஆள் உயரத்துக்குப் பெரிதாக்கி, பின்னால் ஒரு விமானத்தைப் பறக்கவிட்டு, ‘அமெரிக்கா செல்லும் எங்கள் சிங்கப்பெண்’ என்று போட்டிருந்தார்கள். அவள் படத்தைவிட முதல்வர் படம் பெரிது. சேர்க்கைக்கு அணுகவும் என்று கீழே போன் நம்பர்.

யாரோ அதைப் படம் பிடித்து வாட்ஸாப்பில் போட்டுவிட, ஒச்சப்பன் வயலிலிருந்து வீடு திரும்புவதற்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. ஊரோடு போயிருந்தால் பரவாயில்லை. பாண்டிமீனாவின் தாய்மாமனுக்கும் போய்விட்டது. நம் பக்கத்தில் ஒரு பெண்ணைப் பற்றிய எந்த முடிவும் முதலில் தாய்மாமன் காதுக்குப் போக வேண்டும். அவர் சரி என்று சொன்ன பிறகுதான் அது முடிவே ஆகும். ஒச்சப்பன் அன்று சாயங்காலம் மச்சினரைப் பார்த்துச் சொல்லலாம் என்று இருந்திருக்கிறார். மச்சினரோ போனில், எங்கிட்டச் சொல்ல வேணாம்னு நெனச்சு போஸ்டர் அடிச்சு ஒட்டிட்டீகளா மாமா என்று ஒரே ஒரு வரி கேட்டுவிட்டு வைத்துவிட்டாராம். அன்றிலிருந்து பாண்டிமீனா கல்லூரிக்கு வரவில்லை. அவள் போனும் அணைந்திருந்தது.

முதல்வரிடம் போனேன். பிளெக்ஸை இறக்கச் சொன்னேன். விளம்பரத்துக்கு மூன்று நாள் அனுமதி வாங்கியிருக்கிறதே என்று வருத்தப்பட்டார். அமெரிக்கர், உடனே அவர் வீட்டுக்குப் போய் நேராகக் கேட்டுவிடுவோம் என்றார். கூடவே கூடாது, அவராக வாய் திறக்கும்வரை காத்திருப்பதுதான் மரியாதை என்றார் அம்மையார். தம்பியோ, இது ஆணாதிக்கம், அந்த அப்பாவிடம் பெண்கல்வியைப் பற்றி நான் பேசுகிறேன் என்று சட்டைக் கையை மடித்துக்கொண்டு கிளம்பினார். மூவரையும் உட்காரச் சொன்னேன். இருந்தது சனிக்கிழமை ஒரு நாள்தான். நேராகப் போய்க் கேட்டால் அவருக்கு மறுபடியும் அவமானம். காத்திருந்தால் அவள் படிப்பு போய்விடும். தம்பி பேசினால் இரண்டும் சேர்ந்து நடக்கும்.

போவோம், ஆனால் கேட்கப் போவதில்லை என்றேன். பிழையை ஒத்துக்கொள்ளப் போகிறோம், தட்டோடு போகிறோம் என்றேன். தம்பி பூங்கொத்தும் கல்லூரியின் பெயர் பொறித்த நினைவுப் பரிசும் வாங்கலாம் என்றார். கல்லூரியின் பெயரைத்தான் அந்த வீட்டார் போதுமான அளவு பார்த்துவிட்டார்களே தம்பி என்றேன். வெற்றிலை பாக்கு, பழம், பூ என்று வாங்கிக்கொண்டு கிளம்பினோம்.

ஊருக்குள் கார் நுழைந்ததும் சனம் கூடிவிட்டது. தட்டைத் தூக்கிக்கொண்டு அமெரிக்கர்தான் முதலில் இறங்கினார். பக்கத்து வீட்டு அம்மா ஒருவர் என் முழங்கையைப் பிடித்து, “பொண்ணு கேட்டா வந்துருக்கீக? மாப்ளைக்கு வயசு எம்புட்டு ஆகுது?” என்று கேட்டார். அவர் என்ன கேட்டார் என்று அமெரிக்கர் ஆர்வமாகக் கேட்டார். ஊர்ச் செய்தி விசாரிக்கிறார் என்றேன். வாசலில் ஷூ கயிற்றை அவிழ்ப்பதற்கு அவர் எடுத்துக்கொண்ட நேரத்தில் தெருவே சிரித்து முடித்து அமைதியாகிவிட்டது. அதுவும் நல்லதற்குத்தான்.

ஒச்சப்பன் வாங்க என்று கும்பிட்டார். வீட்டுக்கு வந்தவர்களிடம் கோபத்தை முகத்தில் காட்டமாட்டார்கள் நம்மவர்கள். பிளாஸ்டிக் நாற்காலி வந்தது, குடிக்கக் கலர் வந்தது. வாய்க்காலில் தண்ணீர் திறந்தார்களா, தென்னையில் பூச்சி எப்படி என்று பேசினோம். அமெரிக்கர் வாயைத் திறந்தபோதெல்லாம் நான் ஒரு பார்வை பார்க்க, அவர் மறுபடி கலரைக் குடித்தார். பாண்டிமீனா அடுப்படிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் அம்மா உள்ளே இருந்தாள்.

பேச்சு தானாக ஓய்ந்த பிறகு அமெரிக்கருக்குத் தலையசைத்தேன். அவர் சொன்னதை நான் இப்படிச் சொன்னேன்: “அண்ணே, நீங்க சொன்ன வார்த்தைய அவரு தப்பா எடுத்துக்கிட்டாராம். அதனாலதான் இம்புட்டும் ஆகிப்போச்சாம். அத ஒத்துக்கிறதுக்குத்தான் வந்துருக்காரு.”

ஒச்சப்பன் தட்டைப் பார்த்தார். நானுந்தான் வெளங்குற மாதிரிச் சொல்லல என்றார். மச்சினரைச் சமாதானப்படுத்தியாகிவிட்டது என்றும் சொன்னார். பிறகு துண்டைத் தோளிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டு அமெரிக்கரை நேராகப் பார்த்தார்.

“அங்கிட்டு இவளுக்கு மேலுக்கு முடியாமப் போச்சுன்னா, பக்கத்துல வந்து இருக்க யாரு இருக்கா? அத மட்டும் கேட்டுச் சொல்லுங்க டீச்சரம்மா.”

நான் கேட்டேன். அமெரிக்கர் கலர் பாட்டிலைக் கீழே வைத்தார். இதற்குள் அம்மையார் தாழ்ந்த குரலில், பல்கலைக்கழகம் ஒரு குடும்பம் போலப் பார்த்துக்கொள்ளும் என்று சொல்லுங்கள் என்றார். தம்பி என் மறுபக்கத்தில், நாங்க இருக்கோம்னு சொல்லிருங்க மேம் என்றார். இரண்டும் நல்ல வாக்கியங்கள்தான். எனக்கே ஒன்றைச் சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தது. அமெரிக்கர் கடைசியில் வாயைத் திறந்தார். இந்தப் பதிலால் அவளை நான் இழந்துவிடலாம் என்று தெரிகிறது என்று தொடங்கித்தான் மற்றதைச் சொன்னார். இதைச் சொன்னால் கதை முடிந்தது என்று தெரிந்தது. ஆனால் ஏற்கெனவே ஒரு வார்த்தையை அழகுபடுத்தித்தான் நாங்கள் இந்த வீட்டை இந்த நிலைக்குக் கொண்டுவந்திருந்தோம். சொன்னது சொன்னபடி சொன்னேன்.

“யாரும் இல்லையாம் அண்ணே. டாக்டர் உண்டு, ஆஸ்பத்திரிச் செலவுக்கு ஏற்பாடு உண்டு. பக்கத்துல வந்து இருக்க ஆள் கெடையாது. அவரு வீடு தூரமாம். போய்ப் பாக்குற பழக்கமும் அவருக்கு இல்லையாம். தனியாத்தான் கெடக்கணுமாம்.”

அடுப்படியில் பாத்திரம் ஒன்று கீழே விழுந்தது. தம்பி கண்ணை மூடிக்கொண்டார். ஒச்சப்பன் அமெரிக்கரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு அவர் முகம் தளர்ந்தது.

“எத்தன ஆபீஸ் ஏறி எறங்கிருப்பேன் டீச்சரம்மா. போற எடமெல்லாம் பாக்கலாம் பாக்கலாம்னுதான் சொல்லுவாக. அதக் கேட்டுக் கேட்டு எனக்கும் அதுதான் வாயில வருது. இல்லைங்கிறத மொகத்துக்கு நேராச் சொன்ன ஆளு இவருதான்.”

சொல்லிவிட்டு அவர் எங்கள் பக்கம் திரும்பவே இல்லை. மகளைப் பார்த்து, நீ என்ன தாயி சொல்ற என்று கேட்டார்.

பாண்டிமீனா கதவை விட்டு ஓர் அடி முன்னால் வந்தாள்.

“போறேன்ப்பா.”

இந்த ஊரில் கடைக்குக் கிளம்பினாலும் வாரேன் என்போம். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போகிறவர்கூட வாரேன் என்றுதான் சொல்லிவிட்டுப் போவார். போறேன் என்று வீட்டை விட்டுக் கிளம்புவதில்லை. அவள் அம்மா உள்ளேயிருந்து பதறிக்கொண்டு வந்து, “போய்ட்டு வாரேன்னு சொல்லுடி” என்றாள்.

பாண்டிமீனா அம்மாவைப் பார்த்தாள்.

“திரும்பி வருவேனான்னு எனக்கே தெரியலம்மா. தெரியாமச் சொல்லக் கூடாதுல. போறேன்.”

ஒச்சப்பன் மகளையே பார்த்துக்கொண்டிருந்தார். வேறு ஓர் அப்பாவாக இருந்தால் கத்தியிருப்பார், இல்லை அழுதிருப்பார். இவர் தலையை மட்டும் ஆட்டினார்.

“சரி. போ.”

அமெரிக்கர் என் பக்கம் குனிந்து, என்ன பேசிக்கொண்டார்கள் என்று கேட்டார். இருவரும் சம்மதம் என்று சொல்லிவிட்டார்கள் என்றேன். பிழையில்லாத மொழிபெயர்ப்புதான். அவர் சந்தோஷத்தில் இரண்டு கைகளையும் தட்டினார். தமிழில் ஓர் எழுத்து தெரியாத அம்மையார் மட்டும் சுவர்ப்பக்கம் திரும்பி மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் எழுந்து, மறுபடி அடுப்படிக்குள் போய்விட்ட அந்த அம்மாவின் பக்கத்தில் போய் நின்றேன். சொல்வதற்கு என்னிடம் தமிழிலும் ஒன்றுமில்லை, ஆங்கிலத்திலும் ஒன்றுமில்லை. இருவரும் சேர்ந்து அழுதோம்.

இதிலிருந்து நீங்கள் என்ன கற்றுக்கொள்ள வேண்டும் என்று கடைசியில் எழுத வேண்டுமாம், கல்லூரி கொடுத்த மாதிரிப் படிவத்தில் அப்படி இருக்கிறது என்று துறைத் தலைவர் சொன்னார். எழுதிவிடுகிறேன். ஒருவர் சொன்னதை இன்னொருவருக்குக் கொண்டுபோகும்போது உங்கள் அழகான வாக்கியங்களை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். ஒரு வார்த்தை உங்களுக்குப் புரிந்துவிட்டதாகத் தோன்றினால், பாதுஷா வாங்குவதற்கு முன்னால் உள்ளூர்க்காரர் யாரையாவது கேளுங்கள். பிளெக்ஸ் அடிக்கும் கடையின் நம்பரை முதல்வர் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். வேறு ஞானம் எதுவும் என்னிடம் இல்லை.

பாண்டிமீனா அங்கே படித்து முடித்து, இப்போது அங்கேயே பாடம் நடத்துகிறாள். அந்த நாவலையும் நடத்துகிறாளாம். இன்னும் ஊருக்கு வரவில்லை. போன மாதம் ஆரப்பாளையத்தில் பஸ்ஸுக்கு நின்றபோது ஒச்சப்பனைப் பார்த்தேன். முன்னைவிட இளைத்திருந்தார். இந்தப் பொங்கலுக்காவது வருகிறாளா அண்ணே என்று கேட்டுவிட்டேன், கேட்டிருக்கக் கூடாது. அவர் பஸ் வரும் திசையைப் பார்த்தார். பிறகு என்னைத் தேற்றுவது போலச் சொன்னார்.

“சொல்லாமப் போகல டீச்சரம்மா. சொல்லிட்டுத்தான் போனா.”